எண்ணங்களுக்குப் பொறுப்பேற்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எண்ணத்தை அடக்கினால் வாழ்க்கை கைக்குள் வந்துவிடும் என்று கேள்விப்பட்டு, முயன்று பார்த்து, முடியாமல் போய், ‘என்னிடம்தான் ஏதோ கோளாறு’ என்று முடிவுகட்டியவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். நானும் பல வருடங்கள் அப்படித்தான் இருந்தேன்.

எண்ணங்களைக் கட்டுப்படுத்த உண்மையிலேயே முடியுமா?

வருவதைத் தடுக்க முடியாது. வந்த எண்ணத்துக்குப் பேச்சுக் கொடுப்பதா வேண்டாமா என்பதில் மட்டும் நமக்குக் கொஞ்சம் அதிகாரம் உண்டு. கொஞ்சம்தான். ஆனால் பழகப் பழக அது வளரும்.

‘குரங்கை நினைத்துக்கொண்டு மருந்து குடிக்காதே’ என்று நம்மிடையே ஒரு பேச்சு உண்டு. அப்படிச் சொன்ன பிறகு குரங்கை நினைக்காமல் மருந்து குடித்தவர் யாரும் இல்லை. இதே விஷயத்தை டேனியல் வெக்னர் என்ற அமெரிக்க உளவியலாளரும் உடன் பணிபுரிந்தவர்களும் 1987-இல் வெள்ளைக் கரடியை வைத்துச் சோதித்தார்கள். ‘5 நிமிடம் மனதில் தோன்றுவதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லுங்கள், வெள்ளைக் கரடியை மட்டும் நினைக்காதீர்கள், நினைத்துவிட்டால் மணியை அடியுங்கள்’ என்று மாணவர்களிடம் சொன்னார்கள். மணி ஒலித்துக்கொண்டே இருந்தது. அப்புறம் ‘இப்போது தாராளமாக நினைக்கலாம்’ என்றதும், முதலில் அடக்கி வைத்திருந்தவர்களுக்கு அந்தக் கரடி இன்னும் அதிகமாக வந்தது. ஆரம்பத்திலிருந்தே நினைக்க அனுமதி பெற்றவர்களுக்குக்கூட அவ்வளவு வரவில்லை.

காரணம் எளிது. ஒன்றை நினைக்கக் கூடாது என்றால், அதை நினைக்கிறோமா இல்லையா என்று மனம் அடிக்கடி சரிபார்க்க வேண்டும். சரிபார்க்கும்போதெல்லாம் அது உள்ளே வந்துவிடுகிறது. ஆகவே, அடக்க முயன்று தோற்றிருந்தால் உங்கள் மன உறுதியைக் குறை சொல்லாதீர்கள். அந்த வழி பெரும்பாலானவர்களுக்குப் பலிப்பதில்லை.

என் மனம் மட்டும் ஏன் இப்படி அலைகிறது?

எல்லார் மனமும் அலைகிறது. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மேத்யூ கில்லிங்ஸ்வொர்த், டேனியல் கில்பர்ட் இருவரும் 2,250 பேரிடம் கைபேசி வழியாக அவ்வப்போது ‘இப்போது என்ன செய்கிறீர்கள், என்ன நினைக்கிறீர்கள்’ என்று கேட்டு 2010-இல் முடிவை வெளியிட்டார்கள். கேட்கப்பட்ட நேரங்களில் ஏறத்தாழ 47 சதவீதம், மனம் செய்கிற வேலையில் இல்லை. விழித்திருக்கும் நேரத்தில் கிட்டத்தட்டப் பாதி.

அசிங்கமான, பயங்கரமான எண்ணங்கள் திடீரென்று வருகின்றன. அவற்றுக்கும் நான்தான் பொறுப்பா?

இல்லை. இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் இந்த ஒரு கேள்வியை வெளியே கேட்க வெட்கப்பட்டுத் தனக்குள்ளேயே வெந்துகொண்டிருப்பவர்கள் நிறைய.

கையில் குழந்தையை வைத்துக்கொண்டு மாடியில் நிற்கும்போது ‘கீழே போட்டுவிட்டால்?’ என்று ஒரு கணம் தோன்றுவது, கும்பிடும் இடத்தில் கெட்ட வார்த்தை மனதில் வருவது, பிரியமானவருக்கு விபத்து நடப்பதுபோல் ஒரு காட்சி ஓடுவது, இவையெல்லாம் மிகச் சாதாரணம். ராக்மன், டி சில்வா என்ற இரு ஆய்வாளர்கள் 1978-இல் வெளியிட்ட ஆய்வில், எந்த மனநோயும் இல்லாத சுமார் 120 பேரில் 80 சதவீதம் பேர் இப்படிப்பட்ட எண்ணங்கள் தங்களுக்கு வருவதாகச் சொன்னார்கள். சிகிச்சை பெறுபவர்களுக்கு வரும் எண்ணங்களின் சாரமும் ஏறக்குறைய இதேதான். எண்ணம் வந்ததும் அது தன்னைப் பற்றி என்ன சொல்கிறது என்று பயந்து, அதை எப்படியாவது ரத்து செய்யத் துடிப்பதில்தான் துன்பம் வளர்கிறது.

அந்தத் துடிப்பு நாளின் பெரும்பகுதியைத் தின்றால், திரும்பத் திரும்பக் கழுவவும் எண்ணவும் சரிபார்க்கவும் வைத்தால், அது ஓசிடி எனப்படும் எண்ணச் சுழற்சி நோயாக இருக்கலாம். அதற்கு நல்ல சிகிச்சை இருக்கிறது. குணக்கேடு என்று நினைத்து மறைக்க வேண்டாம்.

அப்படியானால் ‘பொறுப்பேற்பது’ என்றால் எதற்கு?

பலர் பொறுப்பையும் பழியையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள். நானும் குழப்பிக்கொண்டவன்.

மேல்வீட்டில் குழாய் உடைந்து உங்கள் அறை முழுக்கத் தண்ணீர் என்று வைத்துக்கொள்ளுங்கள். தப்பு மேல்வீட்டுக்காரருடையது, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் தரையில் கிடக்கும் புத்தகங்களைத் தூக்கி மேலே வைக்க வேண்டியவர் நீங்கள். இன்று ராத்திரி அந்தத் தண்ணீரைத் துடைக்கப்போவதும் நீங்கள். துடைப்பதால் தப்பு உங்களுடையதாகிவிடாது. நஷ்ட ஈடு கேட்கும் உரிமையும் போய்விடாது. ‘அவர் வந்து துடைக்கட்டும்’ என்று உட்கார்ந்திருந்தால் ஊறிப்போவது உங்கள் புத்தகங்கள்.

பழி ‘யாருடைய தப்பு’ என்று நடந்து முடிந்ததைத் தோண்டுகிறது. பொறுப்பு ‘சரி, இனி என் கையில் என்ன இருக்கிறது’ என்று கேட்கிறது. இரண்டுக்கும் இடம் உண்டு. நீதி வேண்டிய இடத்தில் பழியைச் சரியான ஆள் மேல் போடத்தான் வேண்டும். ஆனால் முதல் கேள்விக்குப் பதில் கிடைக்கும் வரை இரண்டாவதைத் தள்ளிப்போட்டால் வாழ்நாளே கழிந்துவிடும்.

‘என் கையில் எது, என் கையில் இல்லாதது எது’ என்று பிரிப்பதிலிருந்தே தன் போதனையைத் தொடங்கியவர் எபிக்டெட்டஸ். சுமார் 1,900 ஆண்டுகளுக்கு முன் ரோமப் பேரரசில் வாழ்ந்த தத்துவ ஆசிரியர். பிறப்பால் அடிமை. தன் உடம்புகூடச் சட்டப்படி இன்னொருவர் சொத்தாக இருந்த காலத்தைத் தாண்டி வந்தவர். வசதியாக உட்கார்ந்துகொண்டு சொல்லும் அறிவுரையாக அவருடைய போதனை எனக்குப் படாததற்கு அதுவே காரணம்.

‘நல்லதை நினைத்தால் நல்லது நடக்கும், கெட்டதை நினைத்தால் கெட்டது நடக்கும்’ என்கிறார்களே?

நான் இதை ஏற்கவில்லை. எண்ணம் நம் செயலை மாற்றும், செயல் சிலவற்றை மாற்றும். அவ்வளவுதான். எண்ணம் நேராக வெளியே போய் விபத்தையோ புற்றுநோயையோ வரவழைக்காது.

இந்த நம்பிக்கையில் இருக்கும் கொடுமையைப் பலர் கவனிப்பதில்லை. அடிபட்டுக் கிடப்பவரிடம் ‘நீ அப்படி நினைத்ததால்தான் இப்படி ஆனது’ என்று சொல்லவைத்துவிடும். மெல்வின் லெர்னர் என்ற உளவியலாளர் 1966-இல் நடத்திய சோதனையில், ஒரு பெண் மின் அதிர்ச்சி வாங்குவதுபோன்ற காட்சியைப் பலரைப் பார்க்க வைத்தார்கள். அது நடிப்பு என்று பார்ப்பவர்களுக்குத் தெரியாது. அவளுடைய வேதனையை நிறுத்த வழி இல்லாதபோது, பார்த்தவர்கள் அவளையே மட்டமாக மதிப்பிடத் தொடங்கினார்கள். உலகம் நியாயமானது என்று நம்பிக்கொண்டிருக்க வேண்டும் என்றால், துன்பப்படுபவர் அதற்குத் தகுதியானவர்தான் என்று ஆக்கிவிட வேண்டியிருக்கிறது. இந்த வேலையை நாம் மற்றவர்களுக்கும் செய்கிறோம், நமக்கும் செய்துகொள்கிறோம்.

கண்ணாடி முன் நின்று ‘நான் வெற்றியாளன்’ என்று சொல்லிக்கொள்ளலாமா?

சொல்லும்போது உங்களுக்கே நம்பிக்கை இருந்தால் சொல்லுங்கள். இல்லையென்றால் விட்டுவிடுங்கள். கனடாவைச் சேர்ந்த ஜோஆன் வுட் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவும் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், தன்மதிப்பு குறைவாக இருந்தவர்கள் ‘நான் அன்புக்குரியவன்’ என்ற பொருளில் ஒரு வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொன்ன பிறகு, அப்படிச் சொல்லாதவர்களைவிடச் சோர்ந்துதான் போனார்கள். உள்ளே இருக்கும் குரல் உடனே ‘பொய்’ என்று மறுப்பு சொல்லிவிடுகிறது.

எனக்கு உதவுவது சின்னதாக, பொய் கலக்காமல் இருக்கும் வாக்கியங்கள். ‘இது எனக்கு இன்னும் சரியாக வரவில்லை.’ ‘போன தடவை இதைவிட மோசமாக இருந்தது, அதையும் சமாளித்தேன்.’ இவற்றுக்கு மனம் மறுப்பு சொல்வதில்லை.

ஒரு எண்ணம் உண்மையா, நானே கட்டிய கதையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

என் கதையைச் சொல்கிறேன். ஒரு நாள் அண்ணனைக் கைபேசியில் கூப்பிட்டேன். அவர் அழைப்பைத் துண்டித்தார். திரும்பக் கூப்பிடவும் இல்லை. ‘என்னை மதிக்கவில்லை’ என்று ஒரு எண்ணம் வந்தது. அதற்குப் பேச்சுக் கொடுத்தேன். பத்து வருடம் முன்பு அவர் சொன்ன ஒரு சொல், ஒரு விசேஷத்தில் என்னை முன்னால் கூப்பிடாதது என்று சாட்சிகள் ஒவ்வொன்றாக வந்து வரிசையில் நின்றன. குளிக்கும்போதும் பஸ்ஸில் போகும்போதும் மனதுக்குள் அவரைக் கூண்டில் ஏற்றி விசாரித்தேன். நானே வக்கீல், நானே நீதிபதி. ஒன்றரை வருடம் பேசவில்லை. பிறகுதான் தெரிந்தது, அவரும் அதே நாட்களில் ‘தம்பிக்கு என் மேல் ஏதோ கோபம்’ என்று நினைத்துக்கொண்டு ஒதுங்கி இருந்திருக்கிறார்.

‘அண்ணன் திரும்பக் கூப்பிடவில்லை’ என்பது நடந்தது. ‘என்னை மதிக்கவில்லை’ என்பது நான் எழுதியது. இரண்டும் ஒரே வேகத்தில் ஒட்டிக்கொண்டு வந்ததால் ஒன்றாகவே தெரிந்தன.

ஃபிலடெல்ஃபியாவில் பணிபுரிந்த மனநல மருத்துவர் ஆரன் பெக், 1960-களில் தன் நோயாளிகளிடம் இதைத்தான் கவனித்தார். அவர்கள் வெளியே பேசிக்கொண்டிருக்கும்போதே உள்ளே இன்னொரு ஓட்டம் ஓடிக்கொண்டிருந்தது. சட்டென்று வரும், சுருக்கமாக இருக்கும், கேள்வியே கேட்காமல் நம்பப்படும். அவற்றைத் தானாக எழும் எண்ணங்கள் என்றார். அவற்றை வெளியே எடுத்து, ஆதாரம் இருக்கிறதா என்று நோயாளியோடு சேர்ந்து பார்ப்பதையே சிகிச்சையாக வளர்த்தார். இன்று மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் உலகமெங்கும் தரப்படும் சிகிச்சைகளில் அது முக்கியமான ஒன்று.

வீட்டில் செய்வதற்கு ஒரு தாள் போதும். இடதுபக்கம் நடந்ததை மட்டும் எழுதுங்கள், ஒரு கேமரா பார்த்திருந்தால் எது பதிவாகியிருக்குமோ அது மட்டும். வலதுபக்கம் நீங்கள் உங்களுக்குச் சொல்லிக்கொண்டதை எழுதுங்கள். என் அனுபவத்தில் இடதுபக்கம் ஒரு வரி, வலதுபக்கம் ஒரு பக்கம். அப்புறம் ஒரே கேள்வி: இடதுபக்கத்தில் உள்ளதற்கு வேறு காரணம் இருக்க முடியுமா? வேறு காரணம்தான் சரி என்று நம்ப வேண்டியதில்லை. இருக்க முடியும் என்று ஒப்புக்கொண்டாலே பிடி தளர்ந்துவிடும். சில சமயம் முதலில் தோன்றியதே உண்மையாகவும் இருக்கும். அப்போது அதை நேரில் பேசித் தீர்க்க வேண்டியதுதான்.

ஒரே விஷயத்தை நாள் முழுக்க அசைபோடுகிறேன். எப்படி நிறுத்துவது?

அசைபோடுவதை நாம் யோசிப்பது என்று நினைத்துக்கொள்கிறோம். யோசனை என்றால் அது எங்கேயாவது போய்ச் சேரும். நாளைக்கு யாரிடம் பேசுவது, எதை விடுவது என்று ஏதாவது கையில் கிடைக்கும். அசைபோடுவது ‘எனக்கு மட்டும் ஏன் இப்படி’ என்று செக்குமாடுபோல் சுற்றி வரும்.

சூசன் நோலன்-ஹோக்செமா என்ற உளவியலாளர் இதை ஆயுள் முழுவதும் ஆராய்ந்தவர். ஸ்டான்ஃபோர்டு மாணவர்களின் மனநிலையையும் அசைபோடும் பழக்கத்தையும் அவர் தற்செயலாக அளந்து வைத்திருந்த சில நாட்களில், 1989 அக்டோபர் 17 அன்று அந்தப் பகுதியைப் பெரிய நிலநடுக்கம் தாக்கியது. பிறகு மீண்டும் அளந்து பார்த்தபோது, முன்பே அசைபோடும் பழக்கம் அதிகம் இருந்தவர்களிடம் சோர்வும் அதிகமாக இருந்தது. நிலம் எல்லாருக்கும் ஒன்றாகத்தான் அதிர்ந்தது.

நிறுத்து என்று கட்டளை போட்டால் கரடி கதைதான். தள்ளிப்போடுவது நடக்கும். தாமஸ் போர்கோவெக் என்பவர் 1983-இல் சோதித்த முறை இது: கவலைப்படுவதற்கென்று தினமும் ஒரே நேரம், ஒரே இடம், அரை மணி நேரம். மற்ற நேரத்தில் கவலை வந்தால் ‘உன்னை ஆறு மணிக்குப் பார்க்கிறேன்’ என்று ஒரு சொல்லாகக் குறித்து வைத்துவிட்டுக் கையில் இருக்கும் வேலைக்குத் திரும்ப வேண்டும். ஆறு மணிக்கு உண்மையிலேயே உட்கார வேண்டும். ஏமாற்றினால் மனம் அடுத்த தடவை நம்பாது. குறித்தவற்றில் பாதி, ஆறு மணிக்குள் சப்பென்று ஆகியிருப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். படுக்கையை மட்டும் கவலைக்கான இடமாக வைத்துக்கொள்ளாதீர்கள்.

கோபம் தலைக்கேறும் அந்த நொடியில் இதெல்லாம் எங்கே நினைவுக்கு வரும்?

வராது. அதனால் முன்கூட்டியே ஒன்றே ஒன்றை முடிவு செய்து வையுங்கள். ‘இப்படி நடந்தால், இதைச் செய்வேன்’ என்ற வடிவில். ‘குரல் உயர்வது தெரிந்தால், எழுந்து போய்த் தண்ணீர் குடிப்பேன்.’ பீட்டர் கோல்விட்சர் என்ற ஜெர்மன் உளவியலாளர் இந்த வடிவத்தைப் பல வருடம் ஆராய்ந்து, ‘இனிமேல் பொறுமையாக இருப்பேன்’ போன்ற பொதுவான தீர்மானங்களைவிட இது நன்றாக நிறைவேறுகிறது என்று காட்டினார். உணர்ச்சிக்குப் பெயர் வைப்பதும் உதவும். ‘எனக்கு இப்போது அவமானமாக இருக்கிறது’ என்று உள்ளே சொல்லிப் பாருங்கள். கோபம் என்று நினைத்தது பல நேரம் அவமானமாகவோ பயமாகவோ இருக்கும்.

என் சூழ்நிலையே மோசம். எண்ணத்தை மாற்றி என்ன ஆகப்போகிறது?

சூழ்நிலை மோசமாக இருந்தால் மாற வேண்டியது சூழ்நிலைதான். உங்களை அடிக்கும் ஒருவரோடு வாழ்ந்துகொண்டு, ‘நான் வேறு மாதிரி நினைத்தால் வலிக்காது’ என்று பழகுவதைப் பொறுப்பு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அங்கே பொறுப்பு என்பது நம்பகமான ஒருவரிடம் சொல்வது, பாதுகாப்பான இடத்தைத் தேடுவது, புகார் கொடுப்பது.

எண்ணத்துக்கு இதில் ஒரு பங்கு உண்டு. மார்ட்டின் செலிக்மன், ஸ்டீவன் மேயர் இருவரும் 1967-இல், தப்பிக்க வழியே இல்லாமல் மின் அதிர்ச்சி வாங்கிய நாய்களை, ஒரு சின்னத் தடுப்பைத் தாண்டினால் தப்பிக்கலாம் என்ற இடத்தில் விட்டார்கள். பல நாய்கள் தாண்டவே முயலவில்லை, படுத்துவிட்டன. பிற்பாடு கயிற்றைப் பிடித்து இழுத்துத் திரும்பத் திரும்பத் தடுப்பைத் தாண்ட வைத்த பிறகே அவை தாமாகத் தாண்டின. கொடுமையான சோதனை, படிக்கும்போது மனம் கனக்கிறது. உதவியற்ற நிலையை அவை கற்றுக்கொண்டன என்று அப்போது எழுதியவர்கள், சுமார் 50 ஆண்டு மூளை ஆய்வுக்குப் பிறகு 2016-இல் தங்கள் விளக்கத்தையே தலைகீழாகத் திருத்தினார்கள். நீடித்த துன்பத்தில் முடங்குவது உடம்பின் இயல்பு, கற்றுக்கொள்ள வேண்டியது ‘என்னால் ஏதோ செய்ய முடியும்’ என்பதைத்தான் என்றார்கள்.

முடங்கிக் கிடப்பவரை நான் பார்க்கும் விதத்தையே இது மாற்றியது. அவர் சோம்பேறி இல்லை. அவருக்கு வேண்டியது அறிவுரையும் இல்லை. தன் கையால் செய்து, பலன் தெரிகிற ஒரு சின்ன வேலை. ஒரு விண்ணப்பம், ஒரு அழைப்பு. சிலருக்கு அந்த முதல் தடுப்பைத் தாண்ட யாராவது கையைப் பிடித்து இழுக்க வேண்டியிருக்கும்.

என் தவறுகளை ஒப்புக்கொள்ளத் தொடங்கியதும் குற்றவுணர்வு தாங்க முடியவில்லை. இது சரியா?

தன்னையே திட்டிக்கொள்வதைப் பொறுப்பு என்று எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். பிரைனஸ், சென் என்ற இருவர் 2012-இல் வெளியிட்ட ஆய்வில், கடினமான தேர்வில் சறுக்கிய பிறகு தன்னிடம் கனிவாக நடந்துகொள்ளத் தூண்டப்பட்டவர்கள் அடுத்த தேர்வுக்கு அதிக நேரம் படித்தார்கள். திட்டினால்தான் திருந்துவோம் என்பது நமக்குள் ஊறிய நம்பிக்கை, ஆனால் அடி விழும் என்று தெரிந்த இடத்துக்கு யாரும் திரும்பிப் போவதில்லை. தவறை ஒப்புக்கொள்ளுங்கள், கேட்க வேண்டியவரிடம் மன்னிப்புக் கேளுங்கள், சரிசெய்ய முடிந்ததைச் சரிசெய்யுங்கள்.

பழக எவ்வளவு நாள் ஆகும்? 21 நாள் என்கிறார்களே?

லண்டனில் ஃபிலிப்பா லாலியின் குழு 96 பேரை வைத்து ஆராய்ந்ததில், ஒரு புதுப் பழக்கம் தானாக வரச் சராசரியாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை. சாப்பாடு, தண்ணீர், உடற்பயிற்சி போன்ற எளிய பழக்கங்களுக்கே இந்தக் கணக்கு. நடுவில் ஒரு நாள் விட்டுப்போனது பெரிய பாதிப்பை ஏற்படுத்தவில்லை என்பதும் அதில் தெரிந்தது.

எப்போது மருத்துவரிடம் போக வேண்டும்?

இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நேரம் மனம் இருண்டே இருந்தால், தூக்கமும் பசியும் கெட்டால், பிடித்தது எதுவும் பிடிக்காமல் போனால். உயிரை விடும் எண்ணம் வந்தால் ஒரு நாள்கூடக் காத்திருக்க வேண்டாம். அன்றே யாரிடமாவது சொல்லுங்கள், தனியாக இருக்காதீர்கள். காய்ச்சலை மன உறுதியால் இறக்க நாம் முயல்வதில்லை. பொறுப்பேற்பது என்றால் இந்த இடத்தில் உதவி கேட்பதுதான்.

இதையெல்லாம் என் வீட்டில் ஒருவருக்குச் சொல்லிப் புரியவைக்க வேண்டும். எப்படி?

அவர் நொந்துபோய் இருக்கும் நேரத்தில் சொல்லாதீர்கள். ‘நீ யோசிக்கிற விதம்தான் தப்பு’ என்ற வாக்கியம், உள்ளே இருக்கும் அர்த்தம் சரியாகவே இருந்தாலும், குத்தலாகத்தான் போய்ச் சேரும். இரண்டு பக்கம் எழுதும் அந்தத் தாளை அவருக்காக நீங்கள் நிரப்பவும் கூடாது. என்ன நடந்தது என்று மட்டும் கேளுங்கள், முடிக்கும் வரை குறுக்கே பேசாமல் கேளுங்கள். அப்புறம், ‘இதில் இப்ப நான் என்ன செஞ்சா உனக்கு உதவியா இருக்கும்?’ என்று கேட்கலாம். ‘ஒண்ணும் வேணாம், சும்மா பக்கத்துல இரு’ என்று பதில் வந்தால், பக்கத்தில் இருங்கள்.